மாமன் வர்ற நேரம்

கொஞ்சம் தள்ளி உக்காந்துக்கங்க சார். மடியில வைக்கச் சொல்லல, அந்தப் பக்கம் ஒரு சாண் தள்ளுனாப் போதும். மாலை நசுங்கிரும். தாய்மாமன் மாலை சார் இது. ஆங், இப்பச் சரியா இருக்கு. தாம்பாளம் என் மடியிலயே இருக்கட்டும். இதுல பட்டுச்சேலை இருக்கு, பொண்ணு நெத்தியில கட்டுற பட்டம் இருக்கு, குங்குமம் இருக்கு. தேங்கா பழம் கீழ பையில கெடக்கு. தேங்கா உருண்டு உங்க பக்கம் வந்தா லேசாக் காலால அணைச்சு விட்டுருங்க, தப்பில்ல.

மணி என்ன ஆச்சுங்க? பத்து அடிச்சுப் பத்து நிமிஷமா. நல்லது. கணக்காத்தான் போயிக்கிட்டு இருக்கேன்.

செக்கானூரணி போறேன். தங்கச்சி மகளுக்கு இன்னைக்குக் கல்யாணம். தங்கச்சி பேரு பேச்சியம்மா, மச்சான் பேரு சோலைமலை, பொண்ணு சுகப்பிரியா. பத்திரிகை இருக்கு, பாருங்க. கீழ கொட்ட எழுத்துல 'தாய்மாமன் தவசி'ன்னு போட்டிருக்கா? நாந்தான். மத்தவங்க பேரெல்லாம் பொடிசு பொடிசா இருக்கும், என் பேரு மட்டும் பெருசு.

முகூர்த்தமா? ஆமா, ஒம்பதுல இருந்து பத்தரைக்குள்ளன்னுதான் போட்டிருக்கு. அதுக்கு ஏன் சார் என்னை அப்படிப் பாக்கறீங்க? அது எனக்குன்னு போட்ட நேரம். நெசமான முகூர்த்தம் பத்தரைக்கு மேல பன்னண்டுக்குள்ள. பத்திரிகையில அப்படி இல்லைதான். அது ஒரு கதை, சொல்றேன். செக்கானூரணிக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருக்கே, நீங்களும் என்ன செய்யப்போறீங்க.

மொதல்ல ஒண்ணு தெரிஞ்சுக்கங்க. நான் நேரங்காலம் தெரியாத ஆளு கிடையாது. எங்க ஊரு பஞ்சாயத்துல தண்ணி டேங்க் ஆப்பரேட்டர் நானு. பத்தொம்பது வருஷமாக் காலையில ஆறு மணிக்கு வால்வைத் தொறக்கிறேன். ஆறுன்னா ஆறு. மழை பெய்யட்டும், காய்ச்சல் அடிக்கட்டும், எங்க அப்பன் செத்த அன்னைக்குக்கூட ஆறு மணிக்குத் தொறந்துவிட்டுட்டுத்தான் வந்து பொணத்துப் பக்கத்துல உக்காந்தேன். இன்னைக்கும் தொறந்துட்டுத்தான் வர்றேன். ஆனா ஒண்ணு சார். ஆறு மணிக்குச் சரியாத் தண்ணி வந்தா இந்த ஊருல ஒரு பொம்பளையும் தவசின்னு ஒருத்தன் இருக்கான்னு நெனைக்கிறதில்ல. கொடத்தை வைக்கிறாங்க, புடிக்கிறாங்க, போறாங்க. ஒருநாள் மோட்டார் காயில் எரிஞ்சுபோயி முக்கா மணி நேரம் பிந்திருச்சு. அன்னைக்குப் பாத்தீங்கன்னா மூணு தெருவும் என் பேரைத்தான் சொல்லுது. தவசி எங்க, தவசி எங்க, தவசி வந்துட்டானா. வைஞ்சாங்கதான். ஆனா எல்லாரு வாயிலயும் என் பேரு இருந்துச்சுல்ல?

அதை விடுங்க.

என் தங்கச்சி கல்யாணத்துக்கு நான் எப்பப் போனேன்னு கேளுங்க. மூணு நாளைக்கு முன்னாடி போனேன். எனக்கு அப்ப இருபத்தி மூணு வயசு. ஒரே தங்கச்சி, கூடப் பிறந்த அண்ணன் ஒருத்தன், மொத ஆளா நிக்கணும்னு போனேன். போன ஒடனே கையில கோடாலியக் குடுத்துட்டாங்க. வெறகு பொளந்தேன். தண்ணி எறைச்சேன். பந்தல்காரனுக்கு ஏணி புடிச்சேன். கல்யாணத்தன்னைக்கு விடியக்கால சமையல்காரரு, 'தம்பி, இந்த அண்டாவக் கொஞ்சம் சொரண்டிக் குடுங்க'ன்னாரு. சோறு கருகி அடிப்புடிச்சிருச்சு. உள்ள எறங்கிச் சொரண்டிக்கிட்டு இருக்கேன். அந்த நேரத்துல மேடையில, 'பொண்ணோட அண்ணன் எங்கப்பா, மச்சானுக்கு மாலை போடணும்'னு கூப்பிட்டிருக்காங்க. எனக்கு எப்படிக் கேக்கும்? அண்டாவுக்குள்ளல்ல இருக்கேன்!

மாலையப் போட்டது எங்க பெரியப்பா மகன். மெட்ராஸ்ல இருந்து அன்னைக்குக் காலையிலதான் காருல வந்து எறங்குனான். சட்டையில இஸ்திரி மடிப்புக்கூடக் கலையல. அவன் எறங்குன ஒடனே எங்க சித்தப்பன் ஓடுறாரு, மாமன் ஓடுறாரு, 'வாங்க வாங்க, உங்களைத்தான் எதிர்பாத்துக்கிட்டே இருக்கோம்'ங்கிறாங்க. மூணு நாளா இருந்தவனை ஒரு ஆளு எதிர்பாக்கல. எப்படி எதிர்பாப்பாங்க? அங்கயேதானே இருக்கேன்.

கல்யாண ஆல்பத்துல நான் இல்ல சார். பந்திப் போட்டோ ஒண்ணு இருக்கு, அதுல ஓரமா ஒரு கை தெரியும், சாம்பார் வாளியோட. அது என் கை. பேச்சியம்மா இன்னைக்கு வரைக்கும் அதைக் காமிச்சு, 'இந்தா இருக்கீங்களேண்ணே'ன்னு சொல்லும். சமாதானமாம்.

யாரு, கண்டக்டரா? டிக்கெட் எடுத்தாச்சுப்பா. செக்கானூரணி. வந்தா ஒரு சத்தம் குடு.

அப்புறம் சுகப்பிரியா பொறந்துச்சு. ஒரு வருஷத்துல காதுகுத்து வச்சாங்க. தாய்மாமன் மடியில உக்கார வச்சுத்தான் குத்தணும், அது உங்களுக்கே தெரியும். மாமன் வராம ஆசாரி ஊசியத் தொடமாட்டாரு. அன்னைக்கு நான் வேணும்னு பிந்தல, சத்தியமாச் சொல்றேன். இதே ரோட்டுல, இதே கணவாயில, பஸ்ஸு படுத்துருச்சு. ரெண்டு மணி நேரம். வெயில்ல நின்னு, நடந்து, ஒரு லாரியப் புடிச்சு, பயந்துக்கிட்டே போறேன். மச்சான் வைவாரு, மானம் போகும்னு நெனைச்சுக்கிட்டே போறேன்.

போயி எறங்குறேன். கோயில் வாசல்ல இருநூறு பேரு நிக்கிறாங்க சார்! என்னையப் பாத்ததும் மேளக்காரன் எடுத்தான் பாருங்க ஒரு அடி. பொம்பளைக குலவை போடுறாங்க. சோலைமலை, என்னைய ஏறெடுத்துப் பாக்காத சோலைமலை, ரெண்டு கையவும் கூப்பிக்கிட்டு ஓடி வர்றாரு. 'மச்சான், நீங்க இல்லாம ஒண்ணும் நடக்கல மச்சான்'ங்கிறாரு. தோளுல துண்டைப் போட்டு நடுவுல உக்கார வச்சாங்க. புள்ளையத் தூக்கி மடியில குடுத்தாங்க. அது பசியில அழுது அழுது தேம்பிக்கிட்டுத் தூங்கிருச்சு. காது குத்துறவரைக்கும் பால் குடுக்க வேணாம்னு யாரோ கெழவி சொல்லிருச்சாம். தூக்கத்துலயே குத்துனாங்க, வீல்னு முழிச்சு என் சட்டையப் புடிச்சுக்கிட்டு அழுதுச்சு. ஆல்பத்தைப் பாருங்க நீங்க. அம்புட்டுப் போட்டோலயும் நான். நடுவுல.

அன்னைக்கு ராத்திரி பஸ்ஸுல திரும்பி வர்றப்ப யோசிச்சேன். மூணு நாள் முன்னாடி போனா அண்டா. ரெண்டு மணி நேரம் பிந்திப் போனா மேளம். இதுல எது லாபம்னு கண்டுபுடிக்கப் பெரிய படிப்பு வேணுமா?

இந்தா, போன் அடிக்குது. யாருன்னு பாருங்க, எனக்குக் கண்ணாடி பைக்குள்ள இருக்கு. 'ஒச்சம்மா'ன்னு இருக்கா? என் வீட்டுக்காரி. நேத்தே போயிட்டா, அவளுக்கு என்ன, அத்தக்காரி, கூடமாட வேலை செய்யணும்ல. விடுங்க, அடிச்சு ஓயட்டும். இதோட பதினேழு. காலையில எட்டு மணில இருந்து பதினேழு. அவ நாலு, தங்கச்சி ஆறு, சோலைமலையே மூணு தடவை அடிச்சிருக்காரு. கல்யாணப் பொண்ணு சுகா நாலு.

எடுக்கமாட்டேன் சார். எடுத்தா எங்க இருக்கீங்கன்னு கேப்பாங்க, ஆண்டிபட்டியில இருக்கேன்னு சொல்லணும், சரி இன்னும் ஒரு மணி நேரம் ஆகும்னு ஆளாளுக்குப் போயி உக்காந்துக்குவாங்க. எடுக்கலன்னாத்தான் வாசல்ல வந்து நிப்பாங்க. இதெல்லாம் ஒரு பழக்கத்துல வர்றதுதான்.

ஆமா, ரெண்டு பஸ்ஸை விட்டேன். ஒளிக்கிறதுக்கு என்ன இருக்கு? டீக்கடையில உக்காந்திருந்தேன். எட்டே முக்காலுக்கு ஒண்ணு போச்சு, ஒம்பதரைக்கு ஒண்ணு போச்சு. டீக்கடைக்காரரு, 'என்னண்ணே, மாலை வாடுது, கெளம்பலையா'ன்னாரு. பொறுப்பான்னேன்.

ரெண்டாவது சங்கதி, சடங்கு. சுகா பெரிய மனுசி ஆச்சு. தலைக்குத் தண்ணி ஊத்தி, மாமன் கொண்டுவர்ற சீலையைத்தான் கட்டணும். நான் பதினொரு மணின்னா ஒரு மணிக்குப் போனேன். பஸ்ஸெல்லாம் நல்லாத்தான் ஓடுச்சு. நானாத்தான் போனேன், உசிலம்பட்டியில எறங்கி ஒரு புரோட்டா சாப்புட்டு. சோலைமலை ரோட்டுலயே நிக்கிறாரு, கைய நெத்தியில வச்சு. எனக்குச் சிரிப்பு அடக்க முடியல. உள்ள போனா, பதினொரு மணிக்கே தண்ணிய ஊத்திட்டாங்க. நல்ல நேரம் தப்பக்கூடாதுன்னு. ஊத்துனவங்க வேற துணி குடுக்கலாம்ல? 'மாமன் சீலை வரட்டும்'னு இருந்திருக்காங்க. அம்புட்டு மரியாதை. ரெண்டு மணி நேரம் ஈரத்துணியோட ஓலைக் குச்சுக்குள்ள உக்காந்திருந்துச்சு புள்ள. மார்கழி மாசம் வேற. மறுநாள் காய்ச்சல் வந்து நாலு நாள் படுத்துருச்சு. அதுக்கு ஒடம்பு கொஞ்சம் பூஞ்சை, சின்னதுல இருந்தே. சீலைய என் கையால வாங்குறப்ப, பல்லு தந்தியடிச்சுக்கிட்டே, 'வந்துட்டீங்களா மாமா'ன்னு சிரிச்சுச்சு. பாசக்காரப் புள்ள.

அதுக்கப்புறந்தான் சோலைமலை ஒரு வேலை பண்ணாரு. சடங்கு முடிஞ்சு ஏழெட்டு வருஷம் கழிச்சு, புது வீடு கட்டிப் பால் காய்ச்சுறாங்க. எனக்குப் பத்திரிகை வருது. காலையில நாலரைல இருந்து ஆறு. சரின்னு நம்ம கணக்குப்படி ஏழரைக்குப் போயி எறங்குறேன். ஏதாவது மேளம் கேக்குதா, வாசல்ல ஆளு நிக்குதான்னு பாக்கறேன். ஒருத்தரும் இல்ல. சோலைமலை பனியனோட நின்னு பல்லு வெளக்கிக்கிட்டு இருக்காரு. 'வாங்க மச்சான்! கரெக்டா வந்துட்டீங்க'ங்கிறாரு. அப்பத்தான் பசுமாடே வருது. நெசமான நேரம் ஏழரைல இருந்து ஒம்பதாம்! எனக்குன்னு ஒரே ஒரு பத்திரிகை, அச்சாபீசுல தனியா அடிச்சிருக்காரு சார். ஒத்தப் பத்திரிகை. யோசிச்சுப் பாத்தா அதுவும் ஒரு கவுரவந்தான், எந்த மாமனுக்கு இந்த ஒலகத்துல தனிப் பத்திரிகை அடிச்சிருக்காங்க? ஆனா அன்னைக்கு எனக்கு அப்படித் தோணல. எல்லாரும் சிரிச்சாங்க. சிரிச்சு முடிச்சிட்டு, சும்மாத்தானே நிக்கிறீங்கன்னு பசுமாட்டுக் கயித்தை என் கையில குடுத்தாங்க.

மாட்டைப் புடிச்சுக்கிட்டுக் கொல்லையில நிக்கிறேன். கண்ணுல தண்ணி வந்துருச்சு, உங்ககிட்ட சொல்றதுக்கு என்ன. அப்ப சுகாதான் காப்பியோட வந்துச்சு. இங்கிலீஷ் எம்ஏ படிச்சுக்கிட்டு இருந்துச்சு அப்ப. 'கோவிச்சுக்காதீங்க மாமா. நீங்க பண்றதுக்கு இங்கிலீஷ்ல ஒரு பேரே இருக்கு'ன்னுச்சு. என்னம்மான்னேன். 'ஃபேஷனபிளி லேட்'னு சொல்லுச்சு. சரியாச் சொல்றேனா சார்? நீங்க காலேஜு வாத்தியாரு மாதிரி இருக்கீங்க, அதான் கேட்டேன். ஃபேஷனபிளி லேட். ரெண்டு வருஷமா சொல்லிச் சொல்லி நாக்குக்குப் பழகிருச்சு.

அர்த்தமும் சொல்லுச்சு. வெளிநாட்டுல ஏழு மணிக்கு விருந்துன்னு கூப்புட்டா, பெரிய மனுசன் எவனும் ஏழு மணிக்குப் போக மாட்டானாம். ஏழுக்கே போயி நின்னா சோத்துக்கு அலையிறவன்னு நெனைப்பாங்களாம். அரை மணி, முக்கா மணி கழிச்சு, எல்லாரும் வந்து நெறைஞ்ச பிறகு, மெதுவா உள்ள நொழைவானாம். எல்லாரும் திரும்பிப் பாப்பாங்களாம். அது தப்பு இல்லையாம், அது ஒரு நாகரிகமாம். எனக்கு அப்படியே வயித்துல பால் வார்த்த மாதிரி ஆகிப்போச்சு. இம்புட்டு நாளா எனக்குள்ள இருந்ததுக்கு வெள்ளைக்காரன் பேரு வச்சிருக்கான் பாருங்க! அன்னைல இருந்து யாரு கேட்டாலும் அதைத்தான் சொல்றது. பஞ்சாயத்து கிளார்க்குகிட்டச் சொன்னேன், அவரு எழுதி வாங்கிக்கிட்டாரு.

அதுக்கு மேல அந்தப் புள்ள, 'ஆனா மாமா, இதுல ஒண்ணு இருக்கு'ன்னு என்னமோ சொல்ல வந்துச்சு. மாடு இழுத்துருச்சு, நான் சரியாக் கேக்கல.

என்னங்க சார்? அப்படியா? திரும்பச் சொல்லுங்க. விருந்து அது பாட்டுக்கு நடக்குமா. வர்றவன் வரலன்னாலும் நடக்குமா. யாரும் யாருக்காகவும் காத்திருக்காத எடத்துக்குத்தான் அந்தப் பேச்சா? ஒரு ஆளுக்காக எல்லாரும் நின்னுக்கிட்டு இருக்குற எடத்துல அதைச் சொல்லக்கூடாதா?

யாருமே காத்திருக்கலன்னா அப்புறம் லேட்டாப் போயி என்ன சார் புண்ணியம்?

இல்ல, நீங்க படிச்சவங்க, சரியாத்தான் இருக்கும். சுகா சொல்ல வந்தது அதாத்தான் இருக்கும். சரி, விடுங்க. இங்க நம்ம ஊருக்கு நாம மாத்தி வச்சுக்கிட்டோம்னு வச்சுக்கங்களேன்.

கணவாய் வந்துருச்சு. இந்த எடத்துலதான் அன்னைக்கு பஸ்ஸு படுத்துச்சு, அந்தா அந்த வளைவுல. ஜன்னலைக் கொஞ்சம் சாத்துங்க, காத்துல பூ உதிருது.

இன்னைக்கு நேரத்தை மாத்தியிருக்காங்கன்னு எப்படிக் கண்டுபுடிச்சேன்னு கேட்டீங்கள்ல. பால்காய்ப்புல மூணு மணி நேரம் முன்னாடி போட்டாங்க. இது கல்யாணம், அம்புட்டு முன்னாடி போட்டா ஏழரை மணிக்கே ஆகிப்போயிரும், எனக்குச் சந்தேகம் வரும். அதனால ஒரு முகூர்த்தம் முன்னாடி தள்ளியிருக்காங்க. ஒம்பதுல இருந்து பத்தரைன்னு போட்டா, நெசம் பத்தரைல இருந்து பன்னண்டு. பன்னண்டுக்கு மேல எமகண்டம், அதுக்கு மேல போக முடியாது. எத்தனை பொருத்தமா இருக்கு பாருங்க. நான் பதினொண்ணுக்குப் போயி எறங்குவேன். அரை மணி நேரம்தான் பிந்துறேன் சார், இந்தத் தடவை. புள்ள கல்யாணம், ரொம்பப் படுத்தக்கூடாதுன்னு நானே கொறைச்சுக்கிட்டேன்.

டீக்கடைக்காரருக்கும் பத்திரிகை வச்சிருக்காங்க. வாங்கிப் பாத்தேன். அதுலயும் ஒம்பது டு பத்தரைதான். மொதல்ல ஒரு நிமிஷம் திக்குன்னுதான் இருந்துச்சு. அப்புறம் யோசிச்சேன். நான் டீக்கடையில கேப்பேன்னு சோலைமலைக்குத் தெரியாதா? விவரமான ஆளு. எங்க ஊருக்கு வர்ற பத்திரிகை பூராவும் இப்படித்தான் அடிச்சிருப்பாரு. நாப்பது பத்திரிகை இருக்கும். ஒரு ஆளை ஏமாத்த நாப்பது!

பத்திரிகை வைக்க சுகாவே வந்துச்சு, அவங்க ஆத்தாவோட. கல்யாணப் பொண்ணு வெயில்ல வரக்கூடாதும்பாங்க, கேக்காம வந்துச்சு. என் கையில குடுத்துட்டு கையவே புடிச்சுக்கிட்டு நிக்குது. 'மாமா, இது உங்களுக்குன்னு அடிச்சது இல்ல. எல்லாருக்கும் ஒரே பத்திரிகைதான். பத்து மணிக்கு நான் மேடை ஏறணும். நீங்க கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போனாத்தான் ஏறுவேன்'னுச்சு. சரிம்மான்னேன். 'சத்தியமா மாமா'ன்னுச்சு. சத்தியமாம்மான்னேன். உள்ளுக்குள்ள நெனைச்சேன், சோலைமலை புள்ளைக்குச் சொல்லிக்குடுத்து அனுப்பியிருக்காரு, எப்படிப் பேசுது பாருன்னு. கண்ணு கலங்கிக்கூடக் காமிச்சுச்சு. அவங்க அப்பனை மாதிரியே விவரம்.

நீங்க சிரிக்கவே மாட்டேங்கறீங்க.

மணி என்ன? பத்து முப்பத்தஞ்சா. இப்பத்தான் மேளக்காரங்க வாசலுக்கு வந்து நின்னிருப்பாங்க. சோலைமலை ரோட்டுக்கு வந்திருப்பாரு. இந்தா உசிலம்பட்டி வந்துருச்சு. பூ வேணாம்மா, எல்லாம் வாங்கியாச்சு. இன்னும் அரை மணி நேரந்தான்.

சார், போன் அடிச்சுச்சா? எனக்குக் கேக்கல, பஸ்ஸு சத்தத்துல. கணவாயில டவர் கெடைக்காது, சரி. ஆனா உசிலம்பட்டி தாண்டியாச்சே. கொஞ்சம் பாருங்களேன், கோடு இருக்கான்னு. நாலு கோடும் இருக்கா? சார்ஜு? அப்ப ஏன் அடிக்கல? இருபது நிமிஷம் ஆச்சே. அவங்க அப்படி விடமாட்டாங்களே. காதுகுத்துக்கு அடிக்கல, அப்ப போன் ஏது. ஆனா சடங்குக்கு எங்க டீக்கடை போனுக்கு அடிச்சுக்கிட்டே இருந்தாங்களாம், நான் கெளம்புன பெறகும்.

நான் எதுக்கு அடிக்கணும்? மாமன் போன் பண்ணி வரட்டுமான்னு கேப்பானா?

கூட்டமா இருக்கும். சத்தத்துல கேக்காதுன்னு விட்டிருப்பாங்க.

அடிக்குது. அடிக்குது சார். பாத்தீங்களா? யாரு பேரு? சுகாவா. கல்யாணப் பொண்ணு மேடைக்குப் போற நேரத்துல போனை வச்சுக்கிட்டு... குடுங்க, இதை எடுத்துர்றேன். ஒரு தடவை எடுக்கலாம்.

அலோ. ஆங், மாமன்தாம்மா. வந்துட்டேன், உசிலம்பட்டி தாண்டியாச்சு. வாசலுக்கு வந்துருங்க எல்லாரும்... என்னம்மா? கேக்கல. மெதுவாவா? எதுக்கு மெதுவா? ... எப்ப? ... பத்து இருபத்தஞ்சுக்கா? ... நெசமாவா. ... சரி. சரிம்மா. நல்லது. ... யாரு கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போனா? ... உங்க சித்தப்பாவா? ... அப்ப அத்தையா? ... அப்புறம் யாருதான் புடிச்சா? ... ஒச்சம்மாவா, சொல்லு. ... ம். ... ம். ... புள்ளைகிட்டக் குடு. ... காலையில சாப்புட்டேம்மா, டீ குடிச்சேன். ... இல்ல, ஒண்ணும் இல்ல, பஸ்ஸு சத்தம். ... சரிம்மா. வச்சுர்றேன்.

தாலி கட்டியாச்சாம் சார்.

'மெதுவா வாங்க மாமா, ஒண்ணும் அவசரமில்ல'ங்குது. சிரிச்சுக்கிட்டேதான் பேசுது. பந்தி போட்டாச்சாம், எனக்கு எலை எடுத்து வைக்கச் சொல்லியிருக்காம், ஆறிப்போனாலும் போகும், வழியில எதாவது சாப்புட்டுக்கங்கங்குது. கோவம் ஒரு சொட்டு இல்ல சார். கொஞ்சம் வைஞ்சிருக்கலாம்.

ஒச்சம்மாதான் நடுவுல போனை வாங்கிச் சொன்னா, பத்து மணிக்கே அலங்காரம் முடிஞ்சு மேடைக்குக் கீழ வந்து நின்னுருச்சாம். ஐயரு கூப்புட்டிருக்காரு. அவங்க சித்தப்பன் கையப் புடிக்க வந்திருக்காரு, வேணாம்னுருச்சு. என் வீட்டுக்காரி வந்திருக்கா, நானும் ஒண்ணு மாமாவும் ஒண்ணு, வாடின்னு கூப்புட்டிருக்கா. வேணாத்தை, மாமா வருவாங்கன்னுருச்சு. இருபது நிமிஷம், அம்புட்டுப் பேரு பாக்க, ஒத்தையில. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க என்ன நெனைச்சாங்களோ. அப்புறம் நேரம் முடியப்போகுதுன்னு சோலைமலை அழுதிருக்காரு. சோலைமலை அழுதாராம் சார். அதுக்கப்புறம் யாரு கையவும் புடிக்காம, தானா நடந்துபோயி மேடையில உக்காந்துக்கிச்சு.

யாரு புடிச்சான்னு கேட்டேன்ல. 'யாரும் புடிக்கல மாமா, நானே போயிட்டேன்'னுச்சு. புள்ள அம்புட்டுத்தான் சொல்லுச்சு.

அப்ப அது எல்லாருக்கும் அடிச்ச பத்திரிகைதான்.

நான் சோலைமலையத்தான் நிக்க வைக்கிறேன்னு நெனைச்சுக்கிட்டு இருந்தேன் சார். இருபத்தி மூணு வருஷமா. இப்ப உங்ககிட்ட வரிசையாச் சொல்லிக்கிட்டு வந்தேன்ல, காதுகுத்து, சடங்கு, இது. பாத்தா, ஒவ்வொரு தடவையும் காத்துக்கிட்டு இருந்தது அந்தப் புள்ள. சோலைமலைக்கு என்ன, அவரு ரோட்டுல நின்னாரு, காத்தாட. பாலில்லாமக் கெடந்தது அது. ஈரத்துல உக்காந்திருந்தது அது. அது மனசுல ஒரு நாளும் வச்சுக்கல.

இப்ப வாசல்ல ஒருத்தரும் நிக்கமாட்டாங்கல்ல? நிக்கமாட்டாங்க. எதுக்கு நிக்கணும்?

எந்திரிக்கிறேன், கொஞ்சம் வழி விடுங்க. தேங்கா இருந்துட்டுப் போகுது, நீங்க வச்சுக்கங்க. எறங்குற எடம் இல்லைதான், தெரியும். முன்னாடி போயி நின்னுக்கிறேன். உக்கார முடியல. பாத்தும்மா, பாத்து, மாலை படும். தள்ளுங்கய்யா. டிரைவர் தம்பி! தம்பி, கொஞ்சம் மிதிச்சு ஓட்டுங்கப்பா. ஸ்டாப்பிங்கா? ஏறுறதுக்கு யாரும் இல்லன்னா நிறுத்தாமப் போங்கப்பா, புண்ணியமாப் போகும். எம் மருமக கல்யாணம். எனக்கு நேரமாச்சு.